போன் பூட்டு: விரல் எதற்கு, எண் எதற்கு

புதுப் போனில் கைரேகை பதியப் போனால், அதற்கு முன்னால் ஒரு பின் எண்ணோ பேட்டர்னோ பாஸ்வேர்டோ போடச் சொல்கிறது. விரல் வைத்தே திறக்கப் போகிறோம், எண் எதற்கு என்று நினைத்துப் பலர் 1234-ஐத் தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நொடியில் போனின் பாதுகாப்பு முழுவதும் 1234 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. போனைப் பொறுத்தவரை சாவி அந்த எண்தான். விரலும் முகமும் அந்தச் சாவியை நமக்காக எடுத்துத் தரும் ஏற்பாடுகள் மட்டுமே. எண் தெரிந்த எவரும் செட்டிங்ஸுக்குள் போய்த் தன் விரலைப் புதிதாகச் சேர்க்கலாம், நம் விரலை நீக்கலாம்.

எனவே முதல் வேலை, நல்ல எண் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அடுத்த வேலை, அந்த எண்ணை வெளியிடங்களில் தட்டத் தேவையே வராதபடி விரலைச் சரியாகப் பதிந்துவைப்பது. கைரேகை வெறும் வசதிக்கானது, கவனமாக இருப்பவர்கள் எண்ணைத்தான் தட்டுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மும்பை மாதிரி ஊரில் அது பொருந்தாது. மாதுங்காவில் லோக்கல் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. முனையம் போய்ச் சேர்வதற்குள் தோளோடு தோள் ஒட்டி நின்றபடி பத்து முறை எண்ணைத் தட்டினால், பக்கத்தில் நிற்பவருக்கு அதைப் பத்து முறை காட்டியதாக அர்த்தம். விரல் வைத்துத் திறந்தால் அவர் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை.

திரைக்கு விரல் எப்படித் தெரிகிறது

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளில் செய்தவை. ஒவ்வொரு கோடும் மற்றொன்றைக் கடக்கும் இடத்தில் சிறிதளவு மின்னூட்டம் தேங்கியிருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்து மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. போனுக்குள் இருக்கும் சிப் திரை முழுவதையும் ஒரு நொடிக்குள் பலமுறை அளந்து, மாற்றம் எங்கே என்று கண்டுபிடிக்கிறது. அழுத்தத்துக்கு இதில் வேலை இல்லை. நகத்தாலோ பேனா மூடியாலோ தடித்த ரப்பர் கையுறையாலோ எவ்வளவு அழுத்தினாலும் திரை அசையாததற்குக் காரணம் இதுதான்.

தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். மழைத்துளி விழுந்த திரையில் எண்கள் தானாக அழுந்துவதும், 5-ஐத் தொட்டால் 8 விழுவதும் அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இது அன்றாடத் தொல்லை. நனைந்த சட்டைப்பைக்குள் திரை எரிந்தபடி கிடந்தால், நாம் தொடாமலேயே தவறான முயற்சிகள் பதிவாகும். ஆண்ட்ராய்டில் 5 முறை தவறானால் பொதுவாக 30 நொடி காத்திருக்கச் சொல்லும், தொடர்ந்து தவறானால் அந்த நேரம் நீளும். ஈரத் திரையோடு மல்லுக்கட்டாதீர்கள். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தித் திரையை அணைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் கண்ணாடியையும் கட்டைவிரலையும் துடைத்துவிட்டு மறுபடி எழுப்புங்கள். ஈரத் துணியால் துடைத்தால் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி நிலைமை இன்னும் மோசமாகும்.

கோடா, எண்ணா

ஆண்ட்ராய்டின் பேட்டர்ன் ஒன்பது புள்ளிகள் கொண்டது. குறைந்தது 4 புள்ளிகளை இணைக்க வேண்டும், ஒரு புள்ளியை ஒருமுறைதான் தொடலாம். இப்படி வரையக்கூடிய கோலங்கள் மொத்தம் 3,89,112. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதி 8, 9 புள்ளிகள் கொண்டவை. வெறும் 4 புள்ளியில் வரையக்கூடியவை 1,624 மட்டுமே. 4 இலக்கப் பின் எண்ணுக்கே 10,000 வாய்ப்புகள் இருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 6 இலக்கம் என்றால் 10 லட்சம்.

அதைவிட முக்கியம், மனிதக் கை போகும் வழி. 2015-ல் நார்வேயில் சுமார் 4,000 பேட்டர்ன்களைச் சேகரித்துப் பார்த்த மார்ட்டே லோகே என்ற ஆய்வாளர், 44 விழுக்காடு இடது மேல் மூலையில் தொடங்குவதையும், 77 விழுக்காடு நான்கு மூலைகளில் ஏதோ ஒன்றில் தொடங்குவதையும் கண்டார். எல் வடிவம், இசட் வடிவம், சொந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து ஆகியவையே பலரின் தேர்வு. நன்றாகப் புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்கள்கூடப் போனில் மூன்று கோட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கோட்டுக்கு இன்னொரு பலவீனம், அது ஒரு படம் என்பது. படம் கண்ணில் ஒட்டும், எண்கள் அவ்வளவு எளிதில் ஒட்டாது. 2017-ல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகமும் சேர்ந்து இதை அளந்தன. 6 புள்ளிப் பேட்டர்னை ஒரே ஒருமுறை பார்த்தவர்களில் 64 விழுக்காட்டினரால் அதைத் திருப்பி வரைய முடிந்தது. 6 இலக்க எண்ணை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடிந்தவர்கள் சுமார் 11 விழுக்காடு. விரலின் பின்னால் ஓடும் கோட்டைத் திரையில் காட்டாமல் மறைத்தபோது பேட்டர்னின் 64 விழுக்காடு 35-க்கு இறங்கியது. பேட்டர்னை விட மனமில்லாதவர்கள் செட்டிங்ஸில் பேட்டர்ன் தெரியட்டும் என்று இருப்பதையாவது இன்றே அணைத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு இருக்கிறது. 2010-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், திரையில் விரல் விட்டுப்போன தடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துப் பார்த்தார்கள். சோதித்த வெளிச்ச, கேமரா அமைப்புகளில் 92 விழுக்காட்டில் பேட்டர்ன் ஓரளவும், 68 விழுக்காட்டில் முழுவதுமாகவும் தெரிந்தது. மெதுவடை தின்ற கையோடு போனைத் திறந்து மேசையில் வைப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, திரையைச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

பின் எண்ணிலும் தடம் விழும். ஆனால் எந்தெந்த எண்கள் என்றுதான் அது காட்டும், எந்த வரிசையில் என்று காட்டாது. இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். 6 இலக்கமும் வெவ்வேறு எண்களாக இருந்தால், தடத்தைப் பார்த்தவருக்கு மிஞ்சுவது 720 வரிசைகள். ஓர் எண்ணை இருமுறை பயன்படுத்தியிருந்தால், 5 தடங்கள்தான் தெரியும், எது இருமுறை வந்தது என்று தெரியாது. அப்போது வாய்ப்புகள் 1,800. ஆகவே 6 இலக்கம், அதில் ஓர் எண் இருமுறை, அதுவும் அடுத்தடுத்து வராமல். இதுதான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் அளவு.

விலக்க வேண்டியவையும் தெரிந்தவைதான். 123456, 000000, நடு வரிசையில் நேராக இறங்கும் 2580, பிறந்த நாள், பிள்ளைகளின் பிறந்த நாள், திருமண நாள், வண்டி எண், போன் நம்பரின் கடைசி இலக்கங்கள். பின்கோடும் வேண்டாம். தாராவிக்காரரின் போனில் 400017-ஐ முயன்று பார்க்க யாருக்கும் ஞானதிருஷ்டி தேவையில்லை. ஊரிலே இருந்த பழைய தரைவழித் தொலைபேசியின் எண், பள்ளித் தேர்வுப் பதிவெண் போல உங்களுக்கு மட்டும் நினைவில் நிற்கும் ஒன்றிலிருந்து நடுவே 6 இலக்கங்களை எடுத்தால் மறக்கவும் செய்யாது, யாரும் ஊகிக்கவும் முடியாது.

எண்ணுக்குப் பின்னால் நடப்பது

நாம் தட்டும் எண்ணைப் போன் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுச் சரி, தவறு என்று சொல்வதில்லை. அந்த எண்ணும், சிப்புக்குள் பதிந்திருக்கும், வெளியே எடுக்க முடியாத ஒரு ரகசியமும் சேர்ந்துதான் மறையாக்கச் சாவி உருவாகிறது. போனில் இருக்கும் படங்கள், செய்திகள் எல்லாம் அந்தச் சாவியால் குழப்பி எழுதப்பட்டவை. நினைவகச் சிப்பைப் பிடுங்கி வேறு போனில் பொருத்தினால் குப்பைதான் தெரியும். ஆகவே எல்லா எண்களையும் அந்தப் போனிலேயே ஒவ்வொன்றாக முயல வேண்டும்.

ஐபோனில் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லிநொடி ஆகும்படி ஆப்பிள் வேண்டுமென்றே கணக்கைக் கனமாக்கி வைத்திருக்கிறது. காத்திருப்புத் தடைகளை ஒருவர் எப்படியோ தாண்டிவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், 4 இலக்கத்தை முழுவதும் முயல 13 நிமிடம், 6 இலக்கத்துக்கு 22 மணி நேரம், சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 6 எழுத்துப் பாஸ்வேர்டுக்கு ஐந்தரை ஆண்டு. தடைகள் இருக்கும்போது இதில் எதுவுமே நடக்காது. ஐபோனில் 10 தவறான முயற்சிக்குப் பின் எல்லாவற்றையும் அழிக்கும் வசதியும் உண்டு. சின்னப் பிள்ளைகள் போனை எடுத்து விளையாடும் வீட்டில், பேக்கப் இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

விரல் சரியாக இருந்தும் சில நேரம் போன் பின் எண் கேட்பதன் காரணமும் இங்கேதான். போனை அணைத்துப் போட்டதும் அந்தச் சாவி நினைவிலிருந்து போய்விடுகிறது. விரலால் அதை உருவாக்க முடியாது, எண்ணால் மட்டுமே முடியும். ரீஸ்டார்ட் ஆகி எண் போடாமல் கிடக்கும் போனில் அம்மா அழைத்தால் பெயர் வராமல் வெறும் நம்பர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொடர்புப் பட்டியல்கூட இன்னும் பூட்டியிருக்கிறது. இதைத் தவிர, ஆண்ட்ராய்ட் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை எண் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் கேட்கும். விரலை ஐந்து முறை தவறாக வைத்தால் ஐபோன் உடனே எண்ணுக்குப் போய்விடும், ஆண்ட்ராய்ட் 30 நொடி விரலை ஏற்காது.

எண்ணை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தட்டப் போகிறோம் என்றால், அதை நீளமாக வைப்பதில் சிரமமே இல்லை. விரல் தரும் உண்மையான லாபம் இது. தினமும் நாற்பது முறை தட்ட வேண்டும் என்றால் யாரும் 8 இலக்கம் வைக்கமாட்டார்கள்.

விரலைப் பதிவது

கைரேகை உணரி மூன்று வகை. பவர் பட்டனிலோ போனின் முதுகிலோ இருப்பது தொடுதிரையைப் போலவே மின்னூட்டத்தை அளக்கிறது. ரேகையின் மேடு உணரியைத் தொடும், பள்ளம் தொடாது, அந்த வித்தியாசமே படமாகிறது. கை ஈரமாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும், போன் திறக்காது. திரைக்கு அடியில் இருப்பதில் பெரும்பாலானவை ஒளியால் வேலை செய்பவை. விரல் வைத்ததும் திரை பளீரென்று ஒளிர்ந்து, அடியில் இருக்கும் சின்னக் கேமரா படம் எடுக்கிறது. இதற்கு வறண்ட விரல்தான் எதிரி. பி.கே.சி. அலுவலகங்களில் ஏ.சி. அறைக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்த கைக்கு இது தகராறு செய்யும். கட்டைவிரலை உள்ளங்கையில் நாலு முறை தேய்த்தாலோ, ஒரு முறை ஊதினாலோ சரியாகிவிடும். மூன்றாவது வகை மீயொலி. விலை கூடிய போன்களில் வருகிறது. ஒலித் துடிப்பை அனுப்பி எதிரொலியை வைத்து ரேகையின் மேடு பள்ளத்தை அளக்கும். கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும்.

மீயொலி உணரிக்குப் பகை, கண்ணாடிக்கும் ஸ்கிரீன் கார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று. ஓரத்தில் மட்டும் பசை இருக்கும் மலிவான டெம்பர்டு கிளாஸை ஒட்டினால் நடுவில் காற்று நிற்கும், ஒலி விரலை எட்டாது. முழுப் பரப்பும் பசையுள்ளதாக, அந்த மாடலுக்கென்றே செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஒளி உணரிக்கு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் திரையைக் கறுப்பாக்கும் பிரைவசி கார்டும் சொரசொரப்பான மேட் கார்டும் ஆகாது. எந்தக் கார்டு ஒட்டினாலும் பழைய ரேகைகளை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டும். ஆனால் கண்ட கார்டையோ கவரையோ ஒட்டிவிட்டு அதன் மேலே பதியக் கூடாது. 2019 அக்டோபரில் கேலக்ஸி எஸ்10 போனில் சில சிலிக்கான் கவர்களின் உட்புறப் புடைப்புகளையே உணரி ரேகை என்று எடுத்துக்கொண்டு, யார் விரலுக்கும் திறந்துவிட்டது. சாம்சங் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. புதுக் கார்டு ஒட்டியதும், பதியாத விரல் ஒன்றை வைத்துத் திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பதியும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கையைக் கழுவித் துடைத்து, மேசையில் போனை வைத்து, விரல் நுனியை அழகாக நடுவில் வைத்துப் பதிகிறார்கள். பிறகு ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்து படும்போது போன் அடையாளம் தெரியாமல் நிற்கிறது. அப்போது வேறு வழியின்றி கூட்டத்தில் எண்ணைத் தட்டுவோம். அதனால் போனை எப்படிப் பிடித்துத் திறப்பீர்களோ அப்படியே பிடித்துக்கொண்டு பதியுங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் விரலைக் கொஞ்சம் மேலே, கீழே, இரு பக்கமும் சாய்த்து வையுங்கள். ஓரங்கள் பதியட்டும். அதிகம் பயன்படுத்தும் கட்டைவிரலை இரண்டு தடவை, இரண்டு தனி விரல்கள் போலப் பதியலாம். சில மாடல்கள் இந்த விரல் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும், அப்படியானால் விட்டுவிடுங்கள். போன்கள் பொதுவாக 4 அல்லது 5 ரேகைகளை ஏற்கும். இரு கட்டைவிரல், ஓர் ஆள்காட்டி விரல் போதும். தவறாக ஒத்துப்போகும் வாய்ப்பு ஒரு விரலுக்கு 50,000-ல் ஒன்று, ஐந்து விரலும் பதிந்தால் 10,000-ல் ஒன்று என்று ஆப்பிள் தன் டச் ஐடிக்குக் கணக்கு தருகிறது. வீட்டில் எல்லோர் விரலையும் சேர்த்து வைப்பதை இந்தக் கணக்கோடு யோசித்துக்கொள்ளுங்கள்.

உழைக்கும் கைகளில் ரேகை தேயும். தாராவியில் தோல் பை ஒட்டும் பசையைக் கையாள்பவர்கள், விடியற்காலையில் மாவிலும் வெந்நீரிலும் கை வைத்து இட்லி அவிப்பவர்கள், சோப்புத் தண்ணீரில் பாத்திரம் துலக்குபவர்கள், சிமெண்ட் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் காலையில் திறந்த போன் மாலையில் திறக்காது. வேலையில் குறைவாகத் தேயும் விரல் எது என்று பார்த்துப் பதிய வேண்டும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது கை மோதிர விரல். வேலை முடிந்த கையோடு ஒன்று, ஓய்வு நாளில் ஒன்று என்று அதே விரலைப் பதிந்தால் இரண்டு நிலையும் போனுக்குத் தெரிந்திருக்கும்.

பலருக்கு இருக்கும் ஒரு பயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். போனில் பதியும் ரேகை கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போவதில்லை. படமாகவும் சேமிக்கப்படுவதில்லை. கணக்குகளாக மாற்றப்பட்டு, சிப்பின் தனிப் பகுதியில் நிற்கிறது. ஆதாரில் கொடுத்த ரேகைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம்

2017-ல் ஐபோன் எக்ஸ் முதல் வந்த ஃபேஸ் ஐடி, 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி ஆழத்தை அளக்கிறது. அது வலுவானது. விலை குறைந்த ஆண்ட்ராய்ட் போன்களின் முகத் திறப்பு பெரும்பாலும் வெறும் செல்ஃபி கேமராதான். சிலவற்றை ஒரு புகைப்படமே ஏமாற்றிவிடும். உங்கள் போனில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. போலிகளை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து ஆண்ட்ராய்ட் இந்த வழிகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. போலி 7 விழுக்காட்டுக்கு மேல் நுழையாதது மூன்றாம் வகுப்பு. பணம் சார்ந்த செயலிகள் பொதுவாக அதை மட்டுமே ஏற்கும். போன் முகத்தால் திறக்கிறது, ஆனால் வங்கிச் செயலி விரலையோ எண்ணையோ மட்டும் கேட்கிறது என்றால் அந்த முகத் திறப்பு பலவீனமானது. அதை அணைத்துவிட்டு விரலோடு இருங்கள்.

பூட்டிய போனிலும் கசிவது

லாக் திரையில் வரும் நோட்டிபிகேஷன் ஓடிபி-யையே காட்டினால் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை. நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில், பூட்டியிருக்கும்போது உள்ளடக்கத்தை மறை என்பதைத் தேர்ந்தெடுங்கள். செய்தி வந்தது தெரியும், என்ன செய்தி என்பது விரல் வைத்தால்தான் தெரியும். பூட்டிய திரையிலேயே மேலிருந்து இழுத்து ஏரோபிளேன் மோட் போட முடிந்தால், திருடியவர் போனைத் தேட முடியாதபடி ஆக்கிவிடலாம். உங்கள் மாடலில் அதைத் தடுக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கும்போது பூட்ட வேண்டாம் என்ற எக்ஸ்டெண்ட் அன்லாக் வசதியைத் தயவுசெய்து தொடாதீர்கள். வீடு என்று போன் நினைக்கும் வட்டம் 80 மீட்டர் வரை போகக்கூடும் என்று கூகுளே சொல்கிறது. அது தோட்டத்துக்கு நடுவில் தனி பங்களா இருப்பவருக்குச் சரி. அறையோடு அறை ஒட்டிய சால் குடியிருப்பிலோ தாராவிச் சந்திலோ 80 மீட்டருக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கையில் இருக்கும்வரை பூட்டாதே என்ற வசதியும் அப்படித்தான். பறித்துக்கொண்டு ஓடுபவர் கையில் இருந்தாலும் போனுக்கு அது கைதான்.

திறந்திருக்கும் போனைப் பறித்தால்

இதுவரை சொன்னதெல்லாம் பூட்டிய போனுக்கு. லோக்கல் ரயிலின் வாசலில் நிற்பவர் கையில் கம்பால் அடித்துப் போனைப் பறிக்கும் 'ஃபட்கா' ஆட்களிடம் சிக்குவது பெரும்பாலும் திறந்திருக்கும் போன். சைக்கிளிலோ பைக்கிலோ வந்து பறிப்பவர்களிடமும் அப்படித்தான். இதற்காகவே 2024-ல் கூகுள் ஆண்ட்ராய்ட் 10-ம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களுக்குத் தெஃப்ட் புரொடக்‌ஷன் என்ற தொகுப்பைக் கொடுத்தது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தெஃப்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து பூட்டுவது ஒன்று, இணையம் துண்டிக்கப்பட்டால் பூட்டுவது ஒன்று, வேறு போனிலிருந்து உங்கள் நம்பரைக் கொடுத்துப் பூட்டுவது ஒன்று. மூன்றையும் போடுங்கள். கடைசியாகச் சொன்னதை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால்தான் பறிபோன பின் வேலை செய்யும். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 17.3 முதல் ஸ்டோலன் டிவைஸ் புரொடக்‌ஷன் இருக்கிறது. வீடு, வேலையிடம் தவிர்த்த இடங்களில், எண் தெரிந்த திருடரால்கூட ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முடியாதபடி அது முகத்தையோ விரலையோ கட்டாயம் கேட்கும்.

திரை தானாக அணையும் நேரத்தை 30 நொடிக்குக் குறையுங்கள். அணைந்த பிறகும் சில நொடி கழித்துப் பூட்டும் தாமதம் ஆண்ட்ராய்டில் தனியாக இருக்கும், அதை உடனடி என்று மாற்றுங்கள்.

போனின் பூட்டு எண்ணும் யு.பி.ஐ. பின்னும் ஒன்றாக இருக்கவே கூடாது. பணச் செயலியின் பூட்டு பல நேரம் போனின் பூட்டேதான். அதைத் தாண்டியவரைத் தடுக்க மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த 4 அல்லது 6 இலக்க யு.பி.ஐ. பின் மட்டும். அதைப் புதிதாக மாற்றப் பல வங்கிகளில் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதித் தேதியும் ஓடிபி-யும் போதும் என்பதால், கார்டின் படத்தைக் கேலரியில் வைக்காதீர்கள்.

ஓடிபி சிம்முக்குத்தான் வருகிறது. போன் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருந்தாலும், சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே வரும். சிம் லாக் என்ற வசதியைப் போட்டால் வேறு போனில் சிம் தன் எண்ணைக் கேட்கும். இதைப் போடும்போது மட்டும் நிதானம் வேண்டும். முதலில் பழைய சிம் பின்னைக் கேட்கும். அது நிறுவனம் வைத்த எண். ஊகித்துத் தட்டாதீர்கள், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 3 முறை தவறினால் பி.யூ.கே. என்ற 8 இலக்க எண் கேட்கும். அதையும் 10 முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும், புதுசுதான் வாங்க வேண்டும்.

போன் போய்விட்டால் சிம்மை முடக்கி, வங்கியில் சொல்லி, போலீஸில் புகார் கொடுங்கள். ரயிலிலோ ஸ்டேஷனிலோ நடந்திருந்தால் ஜி.ஆர்.பி. ரயில்வே போலீஸ். புகார் நகலோடு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைக் கொடுத்தால் இந்தியா முழுவதும் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போனைப் பயன்படுத்த முடியாதபடி தடுப்பார்கள். இந்தத் தடுப்பு 2019-ல் மகாராஷ்டிரத்தில் சோதனையாகத் தொடங்கி 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்தது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை இப்போதே *#06# தட்டிக் குறித்துவையுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

எண் மறந்துபோனால்

இன்றைய போன்களில் எண் மறந்தால், பெரும்பாலும் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்குவதுதான் வழி. எதுவும் அழியாமல் திறந்து தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன், மேலே சொன்ன மறையாக்கச் சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகும் முன்பிருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைப் போன் கேட்கும். திருட்டுப் போன்களை விற்க முடியாமல் செய்ய வந்த ஏற்பாடு அது. சொந்தக்காரருக்குப் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் அவரையும் வெளியே நிறுத்திவிடும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது எண்ணை எழுதி ஒட்டிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று உண்டு. உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்திருக்க, கடைக்காரர் போனைச் சோதிக்க முடியும்.

திருநெல்வேலியில் இருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மும்பையிலிருந்து போன் வாங்கி அனுப்புகிறவர்கள் பலர். அவர்களுக்கு விரல் மட்டும் பழக்கிவிட்டு, நாமே ஓர் எண்ணைப் போட்டு, அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மூன்று நாளில் போன் அந்த எண்ணைக் கேட்கும், அவர்கள் தடுமாறுவார்கள். அனுப்பும்போதே 6 இலக்க எண்ணையும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போனின் கவருக்குள் இல்லாமல், பீரோவில் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் ஒருமுறையாவது விரலை விட்டு எண்ணைத் தட்டித் திறக்கச் சொன்னால் கைக்குப் பழகிவிடும். ஊருக்குப் போகும்போது அவர்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்து, விரலை அவர்கள் கையிலேயே மறுபடி ஒருமுறை பதிந்து கொடுங்கள்.